தென்னந்தோப்பில் எறிய ஒரு மிட்ரேஞ்ச் டிஸ்க்: பஸ்ஸ், மேக்கோ3, ராக் மூன்றையும் எறிந்து பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃபுக்கு ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் டிஸ்கிராஃப்ட் கம்பெனியின் பஸ்ஸ் வாங்குங்கள். இஎஸ்பி என்கிற பிளாஸ்டிக் வகை, 175 கிராமுக்குக் குறையாமல், ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறம். மேற்கொண்டு படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய் வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கும், குறிப்பாக நம் டெல்டாப் பக்கம் தோப்பிலும் அறுப்பு முடிந்த வயலிலும் எறியப்போகிறவர்களுக்கும் மீதியை எழுதுகிறேன். நான் தேடிப் பார்த்த வரையில் மிட்ரேஞ்ச் என்கிற இந்த நடுத்தூர டிஸ்க் பற்றிப் பேசுபவர்கள் எல்லாம் அமெரிக்கப் பூங்காவையும் ஃபின்லாந்துக் காட்டையும் மனதில் வைத்தே பேசுகிறார்கள். பட்டுக்கோட்டைத் தோப்புக்கும் ஆடி மாசக் காற்றுக்கும் எது சரிவரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் எறிந்துதான் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டையே கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, குறைந்த எறியில் முடிப்பவர் ஜெயித்தார். தூரத்துக்கு எறிவது டிரைவர், கூடைக்குப் பக்கத்தில் வந்தபிறகு எறிவது பட்டர், இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிட்ரேஞ்ச். கூடை இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். 1975-ல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் கோர்ஸை அமைத்தபோது அங்கேயும் கூடை கிடையாது, நட்டுவைத்த கம்பத்தில்தான் எறிந்து அடித்தார்கள். சங்கிலிக் கூடையை அவரே பிறகு கண்டுபிடித்தார். எங்கள் தோப்பில் மரத்தில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம், அதுதான் எங்கள் கூடை.

தோப்பைப் பற்றிச் சொல்லாமல் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல முடியாது. தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டு நடுவார்கள், உங்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த இடத்தில் எல்லாம் அப்பா மறுபடி கன்று வைத்தார். அதனால் இப்போது வரிசையில் ஒரு மரம் அறுபதடி உயரம், பக்கத்து மரம் ஆள் உயரத்திலேயே மட்டை விரித்து நிற்கிற இளமரம். பெரிய மரத்துக்கு அடியில் எவ்வளவு வேண்டுமானாலும் தாராளமாகப் போகலாம். இளமரத்தின் மட்டை நடுப்பாதை வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, 25 அடிப் பாதை என்று கணக்கில் இருந்தாலும் டிஸ்க் போக உண்மையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு அடிச் சந்து. அந்தச் சந்தில் தலைக்கு மேல் ஏறாமல், இடமும் வலமும் ஒதுங்காமல், நேராகப் போகிற டிஸ்க் வேண்டும். இதுதான் முழுப் பிரச்சினையும்.

இன்னொரு சௌகரியம், தூரத்தை அளக்க டேப் வேண்டாம். எட்டு இடைவெளி போனால் 200 அடி. எங்கள் வீட்டில் யாரும் அடிக்கணக்கில் பேசுவதில்லை, மரக்கணக்குதான். சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "என்ன தம்பி, இன்னிக்கு ஏழு மரம்தான் போவுது, காத்தா இல்ல கையா?" என்று கேட்பார். அவர் ஒருநாளும் எறிந்ததில்லை. ஆனால் எந்த டிஸ்க் எப்படிப் போகும் என்பது அவருக்கு இப்போது அத்துப்படி.

நான் ஆரம்பித்தது தப்பான டிஸ்க்கில். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட், அதாவது இரண்டு அணியாகத் தட்டை வீசிப் பிடிக்கிற ஆட்டம், ஆடிப் பழக்கம். அந்தத் தட்டு 27 சென்டிமீட்டர் அகலம், 175 கிராம், விளிம்பு உருண்டையாக இருக்கும். அதை நன்றாக எறிகிறவனுக்கு இதுவும் வந்துவிடும் என்று நினைத்து, நேராக டிரைவரில் போய் விழுந்தேன். டிஸ்ட்ராயர் என்று இன்னோவா கம்பெனியின் டிரைவர், வேகம் 12. உலக அளவில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எறிகிற டிஸ்க், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பறக்கவைக்கிற வேகம் என் கையில் இல்லை. எவ்வளவு முக்கி எறிந்தாலும் நாலு மரம் தாண்டியதும் இடப்பக்கம் சாய்ந்து பக்கத்து வாய்க்காலில் போய் விழும். அந்த டிரைவரில் ஆறு மரம் போனவன், மிட்ரேஞ்ச் எடுத்த முதல் வாரத்திலேயே ஏழு மரம் போனேன். டிரைவர் வாங்கினால் தூரம் போகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். வேகம் குறைந்த கைக்கு வேகம் குறைந்த டிஸ்க்தான் தூரம் போகும்.

பெரும்பாலும் டிஸ்க் மேல் நாலு எண் போட்டிருக்கும். அதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் எண் வேகம், அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகத்தில் எறிய வேண்டும் என்பது. மிட்ரேஞ்சுக்கு 4, 5, சிலதுக்கு 6. இரண்டாவது மிதப்பு, காற்றில் எவ்வளவு நேரம் தாங்கி நிற்கும் என்பது. மூன்றாவது, வேகமாகப் போகும்போது எந்தப் பக்கம் ஒதுங்கும். நாலாவது, வேகம் செத்துக் கடைசியில் எவ்வளவு மடங்கும். வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது மார்புக்குக் குறுக்கே கையை இழுத்துவிட்டு எறியும்போது, மூன்றாவது எண் மைனஸில் இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும், நாலாவது எண் கூடக்கூட இடப்பக்கம் மடங்கும். இடது கைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ்.

ஏன் இப்படி என்பதற்கு நம் பம்பரமே போதும். சுற்றுகிற பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளின பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளித்தான் சாயும். வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் மாதிரி சுற்றுகிறது. வேகமாகப் போகும்போது காற்று அதன் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும், டிஸ்க் வலப்பக்கம் சாயும். வேகம் குறைந்து கீழிறங்க ஆரம்பித்ததும் காற்று அடியிலிருந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும், டிஸ்க் இடப்பக்கம் சாயும். எந்த டிஸ்க்குக்கு எந்த வேகத்தில் இது நடக்கும் என்பதை விளிம்பின் வடிவம் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டது காற்று விஷயத்தில் எனக்கு ரொம்ப உதவியது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது பஸ்ஸ். பெயரைப் பார்த்துப் பேருந்து என்று நினைக்க வேண்டாம், வண்டு ரீங்காரம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மூன்று தடவை போடுவார்கள். 2003-ல் வந்த டிஸ்க், இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உலகத்தில் அதிகம் பேர் எறிகிற மிட்ரேஞ்சுகளில் ஒன்று. எண்கள் 5, 4, மைனஸ் 1, 1. அதாவது கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம், கூட்டிக் கழித்தால் நேர். அகலம் 21.7 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்த விளையாட்டின் சங்கமான பிடிஜிஏ வைத்திருக்கிற விதி. பெருக்கிப் பாருங்கள், 180 கிராம் வரும். அந்த உச்ச எடை வரைக்கும் பஸ்ஸ் கிடைக்கும்.

கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் அடிவிளிம்பு. சில டிஸ்க்குகளில் விளிம்பின் அடியில் சேவை நூல் மாதிரி ஒரு மேடு ஓடும், பீட் என்பார்கள். ராக்கில் அது உண்டு. பஸ்ஸில் இல்லை, வழுவழுவென்று இருக்கும். இதனால் நாலு விரலையும் உள்ளே மடக்கிப் பிடிக்கும்போது எங்கேயும் தட்டுவதில்லை, விடும்போது விரலைப் பிடித்து இழுக்காமல் நழுவிப்போகிறது. பீட் இருப்பதுதான் பிடிமானம் என்று சொல்பவர்களும் உண்டு. கை பெரியவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குச் சின்னக் கை, பஸ்ஸ்தான் சுகம்.

எறிந்தால் எப்படி? ஒருநாள் காலையில், பனி இறங்கிக் காற்றே இல்லாத நேரம், தோப்பின் மூன்றாம் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் நடுவே நின்று இருபது தடவை எறிந்து பார்த்தேன். வலப்பக்கம் ஐந்தாவது இடத்தில் ஓர் இளமரம், அதன் கீழ்மட்டை பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இருபதில் பதினாலு அந்த மட்டையைத் தொடாமல் தாண்டியது. மட்டையில் பட்ட ஆறும் ஏன் பட்டது என்று எறியும்போதே கைக்குத் தெரிந்தது. மணிக்கட்டை வெளிப்பக்கம் சாய்த்து விட்டிருந்தால் வலம் போயிருக்கும், தோளைத் தூக்கியிருந்தால் மேலே ஏறியிருக்கும். இந்த டிஸ்க்கை நான் இவ்வளவு தூரம் பாராட்டுவதற்குக் காரணம் இதுதான். கையில் என்ன தப்போ அது அப்படியே பறப்பதில் தெரியும், கூட்டியும் காட்டாது, மறைத்தும் காட்டாது. நேராக விட்டால் நேராகப் போகும். இடப்பக்கம் சாய்த்து விட்டால் அந்தச் சாய்விலேயே வளைந்து போகும். வலப்பக்கம் சாய்த்து விட்டால் அந்தப் பக்கம் வளைந்து கடைசியில் மெல்ல நிமிர்ந்து இறங்கும். ஒரே டிஸ்க்கில் மூன்று பாதை. டிஸ்ட்ராயரில் எட்டு மாதம் எறிந்தும் என் கையில் என்ன தப்பு என்று தெரியவில்லை, எப்படி எறிந்தாலும் அது இடப்பக்கம்தான் போனது.

மேக்கோ3 இன்னோவாவின் டிஸ்க். 5, 5, 0, 0. எண்ணைப் பார்த்தாலே தெரியும், எந்தப் பக்கமும் போகாது என்கிறார்கள். உண்மைதான். காற்றில்லாத நேரத்தில் பஸ்ஸைவிட இதுதான் நேர். கடைசியில்கூட மடங்காமல் அப்படியே தவழ்ந்து இறங்கும், பார்க்கவே அழகு. தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு எடை குறைவான மேக்கோ3-தான் கொடுத்திருக்கிறேன், நாலரை மரம் நேராகப் போடுகிறான். ஆனால் நம் பக்கத்தில் காற்றில்லாத நேரம் எவ்வளவு? அதிராம்பட்டினம் கடல் எங்களுக்குப் பக்கம். சித்திரை வைகாசியில் மதியம் தாண்டினால் கடற்காற்று தோப்புக்குள் வந்துவிடும். மேக்கோ3-க்கு மிதப்பு அதிகம், கடைசியில் மடங்கி இறங்கும் குணமும் இல்லை, அதனால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். காலையில் மட்டும் எறிகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சாயங்காலம் எறிகிறவர்கள் இரண்டாவதாக வாங்குங்கள்.

ராக் பழைய ஆள். 1987-லிருந்து இருக்கிறது, இதுவும் இன்னோவா. 4, 4, 0, 3. கடைசி எண்ணைப் பாருங்கள், 3. கடைசியில் இடப்பக்கம் நிச்சயமாக மடங்கும். தோப்புக்குள் இது சிரமம், சந்தின் கடைசியில் மடங்கி மரத்தில் முட்டும். வெளியில், திறந்த வயலில், காற்றில், இதுபோல் ஒன்று கிடையாது. சாதா பிளாஸ்டிக்கான டிஎக்ஸில் வாங்கினேன், அதில்தான் ராக்கின் அருமையே இருக்கிறது. டிஎக்ஸ் சீக்கிரம் தேயும். தென்னை மரத்தில் பட்டுப் பட்டு விளிம்பு சொரசொரவென்று ஆகும். ஆக ஆக இடப்பக்கம் மடங்குவது குறைந்து நேராகப் பறக்க ஆரம்பிக்கும். என் முதல் ராக் இப்போது கிட்டத்தட்ட பஸ்ஸ் மாதிரி போகிறது. புதுசு ஒன்று, நடுத்தரம் ஒன்று, தேய்ந்தது ஒன்று என்று மூன்று ராக்கை மட்டும் பையில் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் ஆடுகிற பழைய ஆட்டக்காரர்கள் உண்டு. பேனா முள் நம் கைக்குப் பழகுவது போல இது பழகும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அந்த முதல் ராக் ஒரு தடவை மரத்தின் கொண்டையிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அறுபதடி மரம். கல்லெறிந்தும் பயனில்லை. தேங்காய் வெட்டு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அடுத்த வெட்டுக்கு நாற்பது நாளுக்கு மேல் இருக்கிறது. மரமேறுகிற அண்ணனிடம் சொல்லிவைத்தேன். வெட்டு அன்றைக்கு மேலே போனவர், "தம்பி, இந்தத் தட்டுதானா, இதுல அணில் ஒக்காந்து குரும்பை தின்னுருக்கு" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுக் கீழே வீசினார். நிறம் மங்கியிருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே எறிந்தேன்.

காற்றுக்கு வருகிறேன், நம் ஊரில் டிஸ்க் தேர்வு செய்வதில் பெரிய விஷயம் இதுதான். ஆனியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று. அம்மியையே தூக்கும் என்பார்கள், 175 கிராம் தட்டு என்ன ஆகும்? இங்கேதான் முன்னால் சொன்ன பம்பரக் கணக்கு வேலைக்கு வரும். எதிர்காற்றில் எறிந்தால் டிஸ்க் மேல் படும் காற்றின் வேகம் கூடிவிடுகிறது. அதாவது நீங்கள் இன்னும் வேகமாக எறிந்தது போல டிஸ்க் நடந்துகொள்ளும், வலப்பக்கம் ஒதுங்குவது அதிகமாகும். பஸ்ஸை ஆடிக்காற்றுக்கு எதிரே முழுப் பலத்தோடு எறிந்தால் மூன்றாவது மரத்திலேயே வலப்பக்கம் புரண்டு தரையில் உருண்டு ஓடும். ராக்கை எறிந்தால்? அதன் இடப்பக்க மடங்கலைக் காற்று சாப்பிட்டுவிடும், டிஸ்க் நேராகப் போகும். பின்காற்றில் இதற்கு நேர் எதிர். டிஸ்க்குக்குத் தன் மேல் படும் காற்று குறைவு, மிதப்பு கிடைக்காமல் சீக்கிரம் இறங்கி இடம் மடங்கும், அப்போது பஸ்ஸும் மேக்கோவும்தான் நல்லது. ஆடியில் மேற்கே பார்த்து ராக், திரும்பிக் கிழக்கே வரும்போது பஸ்ஸ் என்பது எங்கள் வழக்கம். இன்னும் கடுங்காற்றுக்குக் கேட்டர் என்று இன்னோவாவில் ஒன்று இருக்கிறது, 5, 2, 0, 3. மிதப்பு ரொம்பக் குறைவு. மன்னார்குடி நண்பன் வைத்திருக்கிறான், நான் இரண்டு தடவைதான் எறிந்தேன், அதனால் மேற்கொண்டு சொல்லவில்லை.

எடையும் காற்றோடு சேர்ந்த விஷயம்தான். லேசான டிஸ்க் மெதுவான கைக்குச் சுலபமாகப் பறக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு 150, 160 கிராம் சரி. பெரியவர்கள் டெல்டாக் காற்றில் 175-க்குக் கீழே போக வேண்டாம். என்னிடம் 168 கிராமில் ஒரு பஸ்ஸ் இருந்தது, மார்கழிக் காலையில் அருமையாகப் போனது, ஆனி பிறந்ததும் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிஸ்கிராஃப்டில் இசட் என்று கண்ணாடி மாதிரி பளபளக்கும் வகை இருக்கிறது, இன்னோவாவில் சாம்பியன். இரண்டும் கெட்டி, நெடுநாள் உழைக்கும். ஆனால் வியர்வைக் கையில் வழுக்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து எறி எறிந்தாலே உள்ளங்கை ஈரம். இஎஸ்பியும் இன்னோவாவின் ஸ்டாரும் உழைப்பில் அவற்றுக்குப் பெரிதாகக் குறைவில்லை, கையில் ஒட்டிப் பிடிக்கும். என் இஎஸ்பி பஸ்ஸ் இரண்டு வருடமாக மரத்தில் முட்டுகிறது, விளிம்பில் நகக்கீறல் மாதிரி சிலது இருக்கிறதே தவிரப் பறப்பதில் மாற்றம் தெரியவில்லை. அப்புறம் தோளில் எப்போதும் ஒரு துண்டு. வெளிநாட்டில் டிஸ்க் துடைக்க என்றே தனியாகத் துண்டு விற்கிறார்கள். நம்மிடம் ஈரிழைத் துண்டு இருக்கிறது, அதைவிட நன்றாகத் துடைக்கிற துணி ஒன்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எறிக்கும் முன்னால் விளிம்பைச் சுற்றி ஒரு துடை, கையை ஒரு துடை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் டிஸ்க்கை விடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மதியம் முழுக்க டிக்கியில் கிடந்த மேக்கோ3 நெளிந்துவிட்டது. வெந்நீரில் போட்டு எடுத்து, சமதரையில் கவிழ்த்து வைத்து ஆறவிட்டதில் பெரும்பாலும் சரியானது.

நிறம் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு முதலில் தெரியாது. பச்சை வாங்கவே கூடாது. மஞ்சள், அறுத்த தாளிலும் காய்ந்த மட்டையிலும் மறைந்துவிடும். சிவப்புகூட சாயங்காலத்தில் செம்மண்ணில் தெரியாது. ரோஸ், ஆரஞ்சு, வெளிர்நீலம் மூன்றும் தப்பிக்கும். மட்டைக் குவியலுக்கு அடியில் போய்விட்டால் கையை விடாதீர்கள், கம்பால் கிளறிவிட்டு எடுங்கள். பாம்பு இருக்கும். இன்னொன்று, பிள்ளைகள் இதை எதிரே நின்று பிடிக்கப் பார்ப்பார்கள். அல்டிமேட் தட்டு மாதிரி இல்லை இது, விளிம்பு கூர், எடை சின்ன வட்டத்தில் திரண்டிருக்கிறது, பல்லே போய்விடும். எறிகிறவனுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வயலில் எறிகிறவர்கள் காலம் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குப் பிறகு சம்பா அறுத்த வயல் காய்ந்து கிடக்கும், அறுபது எழுபது மரத் தூரத்துக்குக் கண்ணை மறைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லா வயலும் சும்மா கிடப்பதில்லை. அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும், அதில் ஒரு கால் வைத்தாலும் பாவம். கேட்டுவிட்டு இறங்குங்கள். மன்னார்குடிப் பக்கம் களிமண் வயல், பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் டிஸ்க் செங்குத்தாகச் செருகி நிற்கும், கோடு மாதிரிதான் தெரியும். மூன்று பேர் அரைமணி நேரம் தேடியிருக்கிறோம்.

வாங்குவது எப்படி? நான் முதலில் ஓர் இணையக் கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். மிட்ரேஞ்ச், 177 கிராம் என்று போட்டிருந்தார்கள், வந்தது எடையே அச்சிடாத ஒரு விளையாட்டுச் சாமான். தராசில் போட்டால் 130. திருப்பி அனுப்புகிறேன் என்று மூன்று வாரம் எழுதினேன், பணம் வரவில்லை. பிடிஜிஏ ஒப்புதல் பெற்ற டிஸ்க் என்றால் அந்த விவரம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும், படத்தில் அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இப்போது எனக்கு வழி சிங்கப்பூர் மச்சான்தான். நம் பக்கம் யாருக்குத்தான் சிங்கப்பூரில் ஒரு மச்சான் இல்லை. திருச்சிக்கு விமானம் ஏறும்போது பெட்டியில் ஐந்து டிஸ்க் வைத்தால் ஒரு கிலோகூட வராது. சாதா பிளாஸ்டிக் பத்து அமெரிக்க டாலர் பக்கம், நல்ல பிளாஸ்டிக் பதினைந்து முதல் இருபது. "மாப்ள, கோடாலித் தைலம் கேக்குறவன பாத்துருக்கேன், தட்டு கேக்குறவன் நீ ஒருத்தன்தான்" என்று சொல்லிக்கொண்டே, கேட்ட எடையில் கேட்ட நிறத்தில் தேடி வாங்கி வருகிறார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

காசு ஒரு டிஸ்க்குக்குத்தான் என்றால் பஸ்ஸ் இஎஸ்பி. இரண்டுக்கு என்றால் கூட ஒரு டிஎக்ஸ் ராக், அது விலையும் குறைவு. மேக்கோ3 மூன்றாவது. டிரைவர் பக்கமே ஒரு வருடம் போக வேண்டாம்.

வாங்கியதும் முதல் வேலை, அழியாத மார்க்கரால் அடிப்பக்கம் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். இந்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். என் முதல் பஸ்ஸ் ஓர் ஐப்பசி மாதம் வாய்க்காலில் போனது. புதாற்று (கல்லணைக் கால்வாய்) தண்ணீர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கடைமடைக்கு அவ்வளவு தண்ணீர் வருவதே அபூர்வம், சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். மாசியில் தண்ணீர் வற்றியபிறகு ஒருநாள் போன் வந்தது. இரண்டு மைல் தள்ளி மதகடியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பையன். "அண்ணே, ஆரஞ்சு கலர்ல தட்டு ஒண்ணு, ஒங்க நம்பர் போட்டுருக்கு" என்றான். சேறு உள்பக்கம் முழுக்க அப்பிக் காய்ந்திருந்தது, அதற்கடியில் எழுத்து அப்படியே இருந்தது. அவனுக்கு எறியக் காட்டிக்கொடுத்தேன். முதல் எறியிலேயே மூன்று மரம் போட்டான்.